மாற்று உறுப்புடன் மறுவாழ்வு: சந்தேகங்களுக்கு ஒரு சித்த மருத்துவரின் பதில்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வந்து பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கார், பைக், டயர், கண்ணாடி, செல்போன் என்று இங்கே தயாராகாத பொருளே இல்லை. இந்தப் பகுதியில் வைத்தியம் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வியிலும் கம்பெனி வாடை அடிக்கும். "ஏன் ஐயா, வண்டிக்கு ஸ்பேர் பார்ட் மாத்துற மாதிரிதானே கிட்னி மாத்துறதும்?"

பாதிதான் சரி. வண்டியின் உதிரி பாகத்தைக் கம்பெனியில் வார்த்து எடுத்துவிடலாம். மனிதனுக்கு வேண்டிய உறுப்பை இன்னொரு மனிதன்தான் தர வேண்டும். அதுமட்டுமா? புது பாகத்தை வண்டி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். உடம்பு அப்படியல்ல. "இது என்னுடையது இல்லை" என்று ஆயுள் முழுக்க முரண்டு பிடிக்கும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் மாத்திரை, பத்தியம், பரிசோதனை எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவைதான்.

"சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நான் அறுவை சிகிச்சை செய்பவன் இல்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார் பெரிய டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எங்களிடம்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வழிகாட்டிய வீடு

இந்தியாவில் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. முதல் இதய மாற்று சிகிச்சையை 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் செய்தார். மூளைச்சாவை மரணமாக ஏற்கும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததும் அதே 1994-ல்தான். ஆனாலும் சட்டப் புத்தகத்தில் இருந்த விஷயம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பேச்சாக நுழைந்தது 2008 செப்டம்பரில்.

நம் பகுதிக்கு அதிக தூரமில்லாத திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது பையன் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி இருவருமே டாக்டர்கள். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அந்த நிலையிலும் மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவர்கள் முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்குப் போலீஸார் வழி ஏற்படுத்திக் கொடுக்க, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வாரம் தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை.

அந்த ஆண்டில் முறைப்படுத்தப்பட்ட அரசுத் திட்டத்தைத்தான் இன்று 'டிரான்ஸ்டான்' என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்து, அப்படியே செய்தும் வருகிறது.

இனி கேள்விகளுக்கு வருவோம்.

"மூளைச்சாவுன்னா கோமாதானே? எழுந்து வந்துட்டா என்ன பண்றது?"

இரண்டும் வேறு வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது. நோயாளி தானாக மூச்சு விடலாம். சிலர் மீண்டு வருவதும் உண்டு. மூளைச்சாவில் மூச்சை இயக்கும் மூளைத்தண்டே செத்துவிடுகிறது. வெண்டிலேட்டர் மூச்சைத் தள்ளுவதால்தான் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதயத்துக்குச் சொந்தமாகத் துடிக்கும் சக்தி இருப்பதால் சில மணி நேரமோ சில நாட்களோ அது துடிக்கும். உடம்பும் சூடாக இருக்கும். பெற்றவர்கள் நம்ப மறுப்பது அதனால்தான். ஆனால் முறைப்படி உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்பியதில்லை.

"உறுப்புக்காக டாக்டருங்க அவசரப்பட்டுட மாட்டாங்களா?"

நியாயமான பயம்தான். அதற்காகவே சட்டத்தில் பூட்டு மேல் பூட்டு போட்டிருக்கிறார்கள். நான்கு டாக்டர்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவைச் சேர்ந்தவர் அதில் இருக்கக் கூடாது. பரிசோதனைகளை ஒரு முறை செய்து, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இன்னொரு முறை செய்ய வேண்டும். வெண்டிலேட்டரின் உதவி இல்லாமல் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் இதில் அடக்கம். இத்தனைக்கும் பிறகு குடும்பத்தார் "வேண்டாம்" என்றால் அத்துடன் விஷயம் முடிந்தது. யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சம்மதித்தால் நேரம் முக்கியம். எடுத்த இதயத்தை நான்கு மணி நேரத்துக்குள் பொருத்திவிடுவது நல்லது. கல்லீரல் பன்னிரண்டு மணி நேரம்போலத் தாங்கும். கிட்னி ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். கண்தானம் தனிக் கணக்கு. வீட்டில் இயற்கையாக இறந்தவர்களும் கண் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

"உயிரோட இருக்கறவங்க யார் யார் குடுக்கலாம்?"

அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரை நெருங்கிய உறவினராகச் சட்டம் ஏற்கிறது. 2011-ல் வந்த திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் கொடுக்க வேண்டுமானால் அரசு நியமித்த குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். ரத்தப் பிரிவு பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த அவலம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது பழங்கதையும் இல்லை. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துக் கிட்னி பேரம் நடந்ததாகப் புகார் கிளம்பியது. வட்டிக் கடனில் சிக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். "ரெண்டுல ஒண்ணு போனா என்ன?" என்று எவனாவது பேச்சுக் கொடுத்தால், அவன் தரகன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

"என் வீட்டுக்காரருக்கு நான் கிட்னி குடுத்தா, என்னால வீட்டு வேலை, கம்பெனி வேலை பார்க்க முடியுமா?"

முடியும். முழுப் பரிசோதனையில் தகுதி பெற்ற ஒருவர் ஒரே கிட்னியுடன் நன்றாக வாழலாம். பெரும்பாலும் துளை வழி அறுவைதான். சில நாளில் வீடு திரும்பலாம். ஆறு முதல் எட்டு வாரம் வரை தண்ணீர்க் குடம், சிலிண்டர் போன்ற கனமான எதையும் தூக்கக் கூடாது. அதன் பிறகு வழக்கமான வேலைகள் செய்யலாம். வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், சிறுநீர், கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ட வலி மாத்திரை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் உயிருடன் தானம் கொடுப்பவர்களில் அம்மாவும் மனைவியும்தான் அதிகம். கொடுத்த பத்தாவது நாளே அடுப்படியில் நிற்பவர்களும் அவர்கள்தான். ஆபரேஷன் ஆனது இரண்டு பேருக்கு என்பதை வீட்டில் உள்ளவர்கள் மறக்கக் கூடாது. கொடுக்க மனம் இல்லாத பெண்ணை மாமியார் வீட்டார் நெருக்குவதும் தவறு. "எனக்கு விருப்பமில்லை" என்று அவர் டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு.

"பழைய கிட்னியை எடுத்துட்டுத்தானே புதுசு வைப்பாங்க?"

பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து ரத்தக் குழாய்களுடன் இணைக்கிறார்கள். ஆக, பல பேருக்கு மூன்று கிட்னி இருக்கும். வேலை செய்வது ஒன்று! உறவினர் கொடுத்த கிட்னி சராசரியாக 15 ஆண்டுகளுக்கு மேலும், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்றது 10 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியவர்களும் உண்டு. எவ்வளவு காலம் என்பதில் பாதி விதி நோயாளியின் கையில்.

"மாத்திரை எத்தனை மாசம் சாப்பிடணும்?"

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள். இந்த மருந்துக்கு மட்டும் அந்தப் பழமொழி செல்லாது. புதிய உறுப்பு உடம்பில் இருக்கும் வரை மாத்திரையும் இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட், பிரட்னிசோலோன் ஆகியவை பொதுவாகத் தரப்படுபவை. உடம்பின் எதிர்ப்பு சக்தி புதிய உறுப்பைத் தாக்காதபடி இவை அதை அடக்கி வைக்கின்றன. "ஒரு வருஷமா நல்லா இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தினால், உடம்பு சத்தம் போடாமல் உள்ளேயே சண்டையைத் தொடங்கிவிடும். கிரியேட்டினின் ஏறியபின் ஓடினால் காப்பாற்ற முடியாமலும் போகலாம்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. இந்த மாத்திரைகளில் பல 12 மணி நேர இடைவெளியில் சாப்பிட வேண்டியவை. ஷிப்ட் மாறும்போதெல்லாம் மாத்திரை நேரத்தையும் மாற்றக் கூடாது. மூன்று ஷிப்டுக்கும் ஒத்துவரும் நேரத்தை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். உதாரணமாக, 'ஒன்பதுக்கு ஒன்பது' பலருக்கு ஒத்துவரும். காலை ஷிப்டில் டீ இடைவேளை, மதிய ஷிப்டில் இரவுச் சாப்பாடு, இரவு ஷிப்டில் பஸ் ஏறும் முன்பு என்று நேரம் அமையும். செல்போனில் அலாரம் வையுங்கள். சட்டைப் பையில் ஒரு வேளை மாத்திரை எப்போதும் இருக்கட்டும். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் கணக்கு தவறிவிடும்.

"தெம்புக்கு ஏதாவது லேகியம் குடுங்க ஐயா!"

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். ஆபரேஷன் ஆன கணவருக்காக ஒரு பெண்மணி பை நிறையப் பொடிகளுடன் வந்தார். அமுக்கரா, சீந்தில், நிலவேம்பு, கபசுரக் குடிநீர்... "எல்லாம் எதிர்ப்பு சக்திக்கு நல்லதாமே?" என்றார். "அம்மா, அதனால்தான் இவருக்கு ஆகாது" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் எதிர்ப்பு சக்தியை அடக்கத் தினமும் மாத்திரை. இன்னொரு பக்கம் அதைத் தட்டி எழுப்பப் பொடியும் குடிநீருமா? எழுந்த சக்தி முதலில் தாக்குவது மனைவியோ அம்மாவோ கொடுத்த அந்தக் கிட்னியைத்தான். மேற்சொன்ன மூலிகைகள் மற்றவர்களுக்குத் தக்க அளவில் பயன்படலாம். மாற்று உறுப்பு வைத்தவருக்கு வேண்டாம். சீந்திலை அளவுக்கு மீறிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

எங்கள் மருத்துவத்தில் 'அனுபானம்' என்பார்கள். ஒரே மருந்து தேனில் ஒரு குணம், வெந்நீரில் ஒரு குணம். உடன் சேர்வது மருந்தின் வேகத்தை மாற்றும் என்பது இதன் பொருள். டாக்ரோலிமஸுக்கும் அது பொருந்துகிறது. பம்ளிமாஸ், கிரேப் ஃப்ரூட் போன்ற பழங்கள் அந்த மருந்தை உடம்பு கரைப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஏறினால் கிட்னிக்கே விஷம்; இறங்கினால் உறுப்பு நிராகரிப்பு. மஞ்சள் மாத்திரை, மிளகுச் சத்து மாத்திரை என்று செறிவாக்கி விற்பவையும் இதே குழப்பத்தைச் செய்யக்கூடும். ரசத்தில் போடும் மிளகு, குழம்பில் போடும் மஞ்சள் பற்றிப் பயப்பட வேண்டாம். உணவு வேறு, மருந்தளவு வேறு. பற்பம், செந்தூரம் பக்கம் போகவே கூடாது.

"டயாலிசிஸை நிறுத்திட்டு சித்த மருந்து சாப்பிட்டா கிட்னி திரும்பிடுமா?"

திரும்பாது. நெருஞ்சில், மூக்கிரட்டை எல்லாம் நல்ல மூலிகைகள்தான். நீர்க்கட்டுக்குக் கொடுக்கிற நெருஞ்சில் குடிநீர், முற்றிலும் செயலிழந்து சுருங்கிப்போன கிட்னியை உயிர்ப்பிக்காது. டயாலிசிஸை நிறுத்தினால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. "பத்தே நாளில் கிரியேட்டினின் குறையும்" என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தையும் காலத்தையும் இழக்காதீர்கள். எங்கள் மருத்துவத்துக்கு வேலை இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் வராமல் காக்கும் உணவும் ஒழுக்கமும் எங்கள் பலம். முதுகுவலிக்கு டைக்ளோபினாக் ஊசியும் மாத்திரையும் வாரக்கணக்கில் போடும் தொழிலாளர்களே, கிட்னியைக் கெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

"என்ன சாப்பிடலாம்? என்ன கூடாது?"

பத்தியத்தின் சாரம் இரண்டே வார்த்தை: சூடு, சுத்தம். வேகவைத்து, சூடாக, வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், சாதம், பருப்பு, நன்கு வெந்த முட்டை, மீன் எல்லாம் நல்லவை. பச்சை முளைகட்டிய பயறு, காய்ச்சாத பால், பஸ் ஸ்டாண்டில் வெட்டி வைத்த பழம், பானிபூரி, கடைச் சட்னி வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாத்திரைகளால் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம் என்பதால் இனிப்பில் கட்டுப்பாடு தேவை. டயாலிசிஸ் காலத்தில் விலக்கிய இளநீர், கீரை, பழங்களை மீண்டும் சேர்க்கும் முன் பொட்டாசியம் அளவைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். மது, புகை இரண்டுக்கும் முழுக்குப் போட வேண்டும்.

"வேலைக்கு எப்போ போகலாம்? கல்யாணம், குழந்தை?"

கிட்னி மாற்றியவர்கள் பலர் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதிக வெப்பமும் தூசியும் உள்ள பிரிவில் இருப்பவர்கள் டாக்டரின் சான்றுடன் இலகுவான பிரிவு கேட்கலாம். அடிவயிற்றில் அடிபடாமலும், வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடித்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதங்களில் கூட்டத்தில் முகக்கவசம் அவசியம்.

கல்யாணமும் தாம்பத்தியமும் தடையில்லை. பெண்கள் கருத்தரிக்கக் குறைந்தது ஓராண்டாவது பொறுத்து, உறுப்பு நிலையாக இயங்கும்போது திட்டமிட வேண்டும். மைக்கோபெனோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே டாக்டர் அதை மாற்றுவார். சொல்லாமல் கருத்தரிப்பதுதான் ஆபத்து. தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமியால் ஆனவை கூடாது. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு செலவுக்கு எங்கே போறது?"

சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் உறுப்பு மாற்று உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ.யில் வருவார்கள், உயர் சிகிச்சைக்கும் நீண்டகால நோய் விடுப்புக்கும் உள்ள வசதிகளை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். நிலத்தை விற்பதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
* சிறுநீர் குறைதல், நிறம் மாறுதல்
* புதிய கிட்னி உள்ள இடத்தில் வலி, வீக்கம்
* கால், முகத்தில் நீர் கோத்தல். ஓரிரு நாளில் எடை கூடுதல்
* வாந்தி, பேதியால் மாத்திரை உடம்பில் தங்காமல் போதல்

இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். எங்களைப் போன்ற வைத்தியர்களிடமும் வர வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கே நேராகப் போங்கள்.

கடைசியாக, நல்ல உடம்போடு இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பு தானத்துக்கு ஆதார் எண்ணுடன் இணையத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அட்டை இருந்தாலும் அந்த நேரத்தில் முடிவு சொல்லப்போவது உங்கள் குடும்பம்தான். அழுது நிற்கும் அண்ணிக்கும் தம்பிக்கும் உங்கள் விருப்பம் தெரிந்திருந்தால் பாதிப் பாரம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது ஐந்து நிமிடம் பேசி வையுங்கள். அபசகுனம் ஒன்றுமில்லை. பேசி முடித்து வண்டியை எடுக்கும்போது ஹெல்மெட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். கொக்கியைப் போட மறக்காதீர்கள்!